இழுத்தால் முழுசு

நெருப்பெரிச்சல் பள்ளியில் சனிக்கிழமை ஆசிரியர் கூட்டம். வேலைக்குப் புதிதாக வந்த மயிலாள் டீச்சர் எல்லோர் முன்னாலும் பிள்ளைகளுக்கு மாதிரிப் பாடம் நடத்துகிறாள். மாட்டுச் சந்தையில் பல் பார்க்க வந்தவர்களைப் போலப் பெரிய வாத்தியார்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இன்ஸ்பெக்டர் ஆறுச்சாமி. அவருக்குத் திருப்தியானால்தான் அவள் வேலை நிலைக்கும். கூரை ஓட்டின் சந்து வழியே வெயில் அவள் கையிலிருக்கும் பனியன் துணியில் விழுகிறது. ஒரே அளவில் இரண்டு துண்டு. ஒன்றை நடுவில் வெட்டி, "இது பாதி" என்கிறாள். முன்வரிசைச் சிறுமி பொன்னாத்தாள் அந்தப் பாதியை வாங்கி, முழுத்துண்டின்மேல் வைத்து இழுக்கிறாள்.

"பாதியும் முழுசும் ஒண்ணாப் போச்சுங்க டீச்சர்."

வகுப்பு சிரிக்கவில்லை, அதற்கும் அதே சந்தேகம். "காயிதத்துல காட்டியிருக்கோணும்" என்கிறார் ஒரு வாத்தியார். "இழுக்கக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லோணுங்க" என்கிறார் அடுத்தவர். "பனியன் ஊருப் புள்ளை இழுக்காம முத்தமா குடுக்கும்?" என்கிறார் மூன்றாமவர். யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் மயிலாள் கத்தரிக்கோலோடு நிற்கிறாள். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து துணியை வாங்குகிறார். இழுக்கிறார், விடுகிறார், மறுபடி இழுக்கிறார்.

"ஏனுங்க அம்மிணி, இப்ப இது பாதிங்களா, முழுசுங்களா?"

கேலியா, கேள்வியா என்று அவர் முகத்தில் தேடுகிறாள். அவரோ விடை தேடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.