இருபது நிமிடத்துக்குக் குறைந்த வழி

ஆப்டிமைசேஷன் வகுப்பில் பேராசிரியை கரும்பலகை நிறைய எழுதி நிரூபித்தார்: நூலகம், ஆய்வுக்கூடம், கேன்டீன் மூன்றையும் தொட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்ப இருபது நிமிடமாவது ஆகும்.

“அதைவிடச் சீக்கிர வழி ஒண்ணு இருக்கு மேடம்,” என்றாள் கடைசி வரிசை வாயாடி.

“இருந்தா, அடுத்த வாரம் நீயே பாடம் எடு. வாங்க, நடந்தே பாத்துடுவோம்.”

வாயாடி முன்னே போக, வகுப்பே சிரித்துக்கொண்டு பின்னால் போனது. மூன்று இடத்தையும் தொட்டார்கள். கேன்டீனில் ஆளுக்கொரு டீயும் வாங்கிக்கொண்டார்கள். பேராசிரியைக்குப் பள்ளிக்கூடம் விட்டதுபோல் இருந்தது.

திரும்பி வந்து வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே அவர்களேதான் இருந்தார்கள். அப்போதுதான் கிளம்புவதற்காக எழுந்துகொண்டிருந்தார்கள். கரும்பலகையருகே பேராசிரியை கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“சரிம்மா, நான் தோத்துட்டேன்,” என்றார் வெளியே நின்ற பேராசிரியை, வாயெல்லாம் பல்லாக.

உள்ளேயிருந்து வருபவர்களுக்கு வழிவிட்டு, ஆவி பறக்கும் டீயோடு எல்லோரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள்.