ஐந்து வருஷத்துக்கு ஒரு ஆள்

"போயும் போயும் அந்தக் கம்பெனிக்கா போற? உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் கீபோர்டு தட்டும் ஓசைகூட நின்றுவிட்டது. திட்டு வாங்கியவனை எல்லாரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். தடித்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான். காலையில்தான் வேலையை விடுவதாகப் பேப்பர் போட்டிருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் விஷயம் அக்காவின் காதுக்கு எட்டியது.

அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. அந்த அலுவலகத்துக்கே அக்கா. ஆறு வருஷம் உட்கார்ந்து ஒரு புது சிப்பை வடிவமைத்தவள். சிப் பிரமாதமாகத்தான் வந்தது. ஆனால் அதனோடு பேசத்தான் வழியில்லை. நாம் எழுதும் நிரலை அதற்குப் புரிகிற எண்களாக மாற்ற, துண்டு துண்டாக இருப்பதை ஒன்றாகக் கோக்க, கோளாறு வந்தால் பிரித்துப் பார்க்க, மென்பொருள் கருவிகள் வேண்டும். உலகம் முழுக்க எல்லாரும் இலவசமாக எடுத்து ஆளும் ஒரு திறந்த மூலக் கருவித் தொகுப்பு இருக்கிறது. அதில் இடம் பிடிக்காத சிப்பை ஒருத்தரும் சீந்த மாட்டார்கள்.

அந்த இடத்துக்காகத்தான் சோடாபுட்டி ஒன்றரை வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டான். தொகுப்பைக் காக்கும் குழுவினர் லேசுப்பட்டவர்கள் இல்லை. தொண்ணூற்று மூன்று குறை சொன்னார்கள். இரண்டு கட்டளைகளுக்கு ஒரே எண் கொடுத்திருந்த அசட்டுத்தனத்தையும் பிடித்துவிட்டார்கள். அது அக்கா செய்த தப்பு. எல்லாவற்றையும் சரிசெய்தாகிவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் ஏற்றுக்கொண்டால் தொகுப்பின் அடுத்த வெளியீட்டில் இடம் உண்டு. தவறினால் ஆறு மாதம். அதுவரை இந்தப் பிரிவை வைத்திருக்க முடியாது என்று மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது.

இந்த நேரம் பார்த்துக் குழுவிடமிருந்து ஒரு மெயில். 'எல்லாம் சரி. கடைசியாக ஒன்று. இந்த சிப்புக்கான பகுதியை இனி யார் பார்த்துக்கொள்வார்? கம்பெனி பெயர் வேண்டாம், கம்பெனிகள் மனசு மாறும். ஐந்து வருஷமாவது பொறுப்பேற்கும் ஒரு மனிதரின் பெயர் வேண்டும்.'

"இப்ப யார் பேரைப் போடுறது? நான் சர்க்யூட் போடுறவ. நீ எழுதினதுல ஒரு வரி எனக்குப் புரியுமா?"

"என் பேரைப் போடுங்கக்கா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா சொல்ற? அங்க போய் உக்காந்துக்கிட்டு இந்த வேலையைப் பாக்க அவங்க விட்டுடுவாங்களா?"

அந்தக் கம்பெனி மேல் அக்காவுக்கு இருக்கும் ஆத்திரம் ஊரறிந்த விஷயம். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நாடித்துடிப்பு காட்டும் கருவிகளைச் செய்கிறவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா சிப்பைத் தூக்கிக்கொண்டு போனபோது பத்தே நிமிஷத்தில் வாசல் காட்டிவிட்டார்கள்.

"உன்னைக் கூடப்பிறந்த தம்பியா நெனச்சேன்." அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "வேற எங்க போனாலும் மாலை போட்டு அனுப்பியிருப்பேன்."

"நாலு மணி வரைக்கும் எதுவும் கேக்காதீங்கக்கா."

"ஏன், நாலு மணிக்கு வானம் இடிஞ்சு விழப் போகுதா?"

அக்கா எழுந்து போய்விட்டாள். சோதனைப் பிரிவுத் தலைவரிடம் கேட்டாள். "எனக்கு ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மென்ட்மா," என்று கும்பிடு போட்டார். அடுத்த மேசைக்காரன், "அஞ்சு வருஷமா? என் பொண்டாட்டிக்கே நான் அவ்வளவு உறுதி குடுத்ததில்லக்கா," என்று நழுவினான்.

மூன்றே முக்காலுக்கு அக்கா திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. விறுவிறுவென்று தட்ட ஆரம்பித்தாள்.

"என்னக்கா எழுதறீங்க?"

"'எங்ககிட்ட அப்படி ஒரு ஆள் இல்ல, வாபஸ் வாங்கிக்கறோம்'னு."

"ஐயோ, ஆறு வருஷ உழைப்புக்கா! என் பேரைப் போட்டா என்ன?"

"நாளைக்கு எங்கயோ இந்த சிப் மக்கர் பண்ணும். எவனோ ஒருத்தன் உன்னை நம்பி மெயில் போடுவான். நீ பதில் போடலன்னா அவன் என்ன பண்ணுவான்? பொய்ப் பேரைப் போட்டுத்தான் என் சிப் உள்ள போகணும்னா, அது போகவே வேண்டாம்."

சோடாபுட்டி சட்டென்று மவுஸைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"குடுடா!"

"பத்து நிமிஷம்."

"விளையாடாத. குடு."

மற்றவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். சிரிப்பதா, விலக்கிவிடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா மவுஸ் வேண்டாமென்று கீபோர்டிலேயே அனுப்பப் போனாள். அப்போது அவன் செல்போன் சிணுங்கியது. மணி நாலு.

சோடாபுட்டி திரையைப் பார்த்தான். அப்பாடா என்று மூச்சு விட்டான்.

"இதுவரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு அந்தக் கம்பெனியில கையெழுத்து வாங்கியிருந்தாங்கக்கா. இப்ப அவங்களே ஊரறிய அறிவிச்சுட்டாங்க. இதைப் படிங்க. அப்புறம் எந்த மெயிலை வேணாலும் அனுப்புங்க."

அறிவிப்பை மூடிவிட்டு, செல்போனில் தன் வேலை உத்தரவைத் திறந்து நீட்டினான். அக்கா வேண்டாவெறுப்பாக வாங்கிப் படித்தாள்.

'பணி: அடுத்த ஆண்டு முதல் எங்கள் மருத்துவக் கருவிகள் அனைத்திலும் பொருத்தவிருக்கும் புதிய சிப்புக்கான திறந்த மூலக் கருவிகளை, ஐந்து ஆண்டுகளுக்குத் தம் சொந்தப் பெயரில் பொறுப்பேற்றுப் பராமரித்தல்.'

அதற்கு அடுத்த வரியில் இருந்தது, அக்கா வடிவமைத்த சிப்பின் பெயர்.

"நான் அங்க போனாத்தான் நம்ம சிப்பை எடுப்போம்னு ஒத்தக் கால்ல நின்னாங்கக்கா," என்றான் சோடாபுட்டி.