படத்தில் இல்லாத வால்வு

ரசாயன ஆலையின் மூன்றாம் நம்பர் கலன் வெடித்ததில் உயிர்ச்சேதம் இல்லை. சாப்பாட்டு நேரம். கூரைத் தகடு மட்டும் பறந்துபோய் மேனேஜரின் புதுக் கார்மேல் உட்கார்ந்தது. அதனால்தான் விசாரணை இவ்வளவு சுறுசுறுப்பாக நடக்கிறது என்று தொழிலாளர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆலைக்குப் படம் வரைந்து கொடுத்த டிசைன் ஆபீசில் 'ஓகே சார்' வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் வைத்த பெயர் வேறு. பதினோரு வருடமாக மேஜைக்கு வந்த எந்தப் படத்தையும் பிரித்துக்கூடப் பார்க்காமல் 'ஓகே' போட்டுச் சம்பாதித்த பட்டம் இது.

ஆலைப் படம் கட்டிடப் படம்போல் அழகாக இருக்காது. எந்தக் குழாய் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது, நடுவில் யார் வழிமறிக்கிறார்கள் என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். வட்டம் என்றால் பம்ப். இரண்டு முக்கோணம் மூக்கோடு மூக்கு உரசி நின்றால் வால்வு. ஆலையைக் கட்டி முடித்ததும் ஒருவர் அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குழாய் குழாயாக நடந்து, எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த ஒருவர் ஓகே சார். நடந்தது அவருடைய பேனா மட்டும்.

"சார், சைட்லேர்ந்து ஃபோட்டோ வந்திருக்கு," என்றார் படம் வரையும் அம்மா. "கலனுக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவுல இன்னொரு வால்வு இருக்கு. நம்ம படத்துல அது இல்ல."

"போச்சு! 'நேரில் பார்த்தேன்'னு கீழ என் கையெழுத்து இருக்கேம்மா. சைட்ல இருக்கற வால்வு படத்துல இல்லேன்னா, நான் அங்க போகவே இல்லேன்னு தெரிஞ்சிடும். நேரா ஜெயில்தான்!"

"நீங்க போகலையே சார்."

"ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிங்க! அந்த வால்வை வரைஞ்சிடுங்கம்மா."

"சார், அந்த இடத்துல போய் அதை..."

"இருக்கறதைத்தானே வரையச் சொல்றேன்? இல்லாததையா சொல்றேன்?"

அந்த அம்மா ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "அப்போ, நீங்க சொல்லித்தான் வரைஞ்சேன்னு எழுதிக் குடுத்துடுங்க."

ஓகே சாருக்கு மூளையில் பல்பு எரிந்தது. இரண்டு வருடம் முன்தேதி போட்டு, 'சேஃப்டி வால்வுக்குக் கீழே ஒரு வால்வு சேர்க்கவும்' என்று எழுதி நீட்டினார். பொய்க்குக்கூட ஆதாரம் இருந்தால் நல்லதுதானே!

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கம்ப்யூட்டரின் தேதியே இரண்டு வருடம் பின்னுக்குப் போனது. இரண்டு முக்கோணம் முளைத்தது. திருத்திய இடத்தைக் காட்ட அதைச் சுற்றி மேகம்போல ஒரு வளைகோடு, ஓரத்தில் திருத்த எண். அச்சடித்த தாளை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு, நாலாக மடித்து, நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பழசாக்கினார் ஓகே சார். பழைய பிரதிகள் பொடிப்பொடியாயின. ஆலையில் மாட்டியிருந்த பிரதியை மாற்ற அவரே நேரில் போனார். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் விஜயம். வழி தெரியாமல் காவலாளியைக் கேட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் விசாரணைக் குழுவின் தலைவி படத்தை விரித்து, லென்ஸை வைத்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். லென்ஸ் அந்த மேகத்தின்மேல் நின்றது. ஓகே சாருக்கு மூச்சும் நின்றது.

"இந்த வால்வு?"

"ரெண்டு வருஷமாவே படத்துல இருக்கு மேடம். என் சொந்த யோசனை." எழுதிக் கொடுத்த சீட்டைப் பணிவாக நகர்த்தினார்.

"விபத்துக்கு அப்புறம் யாரும் சேர்க்கலையே?"

"மேடம்! என் கையெழுத்து இருக்கு. தேதி இருக்கு."

தலைவி தேதியைப் பார்த்தார், மையைப் பார்த்தார், மடிப்பைப் பார்த்தார். "சந்தேகமே இல்ல. எல்லாம் பக்கா."

ஓகே சாரின் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"சேஃப்டி வால்வு குக்கர் வெயிட் மாதிரி," என்றார் தலைவி, லென்ஸைத் துடைத்தபடி. "அழுத்தம் ஏறினா அதுவே திறந்துக்கும். அதுக்குக் கீழ இன்னொரு வால்வை வெச்சு யாராவது மூடிட்டா, குக்கர் வாயை அடைச்ச மாதிரிதான். அன்னிக்கு மூடித்தான் கிடந்தது. அதை அங்க வைக்கச் சொன்ன புண்ணியவான் யாருன்னுதான் கேஸே."

"அது நான் வெக்கலை மேடம்... சைட்ல இருக்கற ஃபோர்மேன்..." ஓகே சார் சீட்டைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினார்.

"ஆமா, கழட்டித் துடைக்க வசதியா இருக்கட்டும்னு, யாரையும் கேக்காம நானேதான் வெச்சேன்னு அவர் காலையில எழுதிக் குடுத்தார், பாவம், உங்களைக் காப்பாத்த எப்பேர்ப்பட்ட பொய் சொல்லியிருக்கார் பாருங்க!" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரைத் தலைவி உள்ளே கூப்பிட்டார்.