கூட்டமில்லாத ஹம்பி

ஹம்பி வாசலில் தருகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டால் மற்ற பயணிகள் யாரும் கண்ணில் படமாட்டார்கள்; அவர்கள் குரலும் கேட்காது. யார் தெரிய வேண்டுமோ அவர்கள் பெயரை மட்டும் அதில் சொல்ல வேண்டும். பூங்கோதை கணவர் சிவநேசனின் பெயரைச் சொன்னாள்.

கல் தேரருகே, "என்னங்க, இந்தச் சக்கரத்தைப் பாருங்க" என்றாள்.

சிவநேசன் அவள் நின்ற பக்கமே பார்த்தார். "அப்பாடா, ஈ காக்கா இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மனுஷன் முப்பது வருஷமாக எதைத்தான் மறக்கவில்லை?

சாப்பாட்டின்போது கண்ணாடியைக் கழற்றியதும் கேட்டாள். "எம்பேரைச் சொல்லலையா?"

"அட, மறந்துட்டேம்மா."

யானைக் கொட்டில் வாசலில் மறுபடியும் கண்ணாடி தந்தார்கள். நாமும் மறந்து பார்ப்போமே என்று விளையாட்டாகப் பேசாமல் நின்றாள். கண்ணாடி இருண்டே இருந்தது.

"உங்களுடன் யாரும் வரவில்லை, சரிதானா?" என்று கேட்டது.

சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டது. பதில் சொல்லாமல் அது தெளியாது போலிருந்தது. காலையில் அவரிடமும் இதைக் கேட்டிருக்கும்.

பூங்கோதை கணவர் பெயரைச் சொன்னாள். வெளிச்சம் வந்தபோது, அவர் வெகுதூரம் போய்விட்டிருந்தார்.