சத்தத்துக்கு மிரளும் சுந்தரி

"சத்தம் போடாதீகண்ணே, சுந்தரி மிரளுது" என்றான் குதிரைக்காரன் வீரபாண்டியன். கையில் கயிற்றோடு, வெள்ளைக் குதிரையையும் இழுத்துக்கொண்டு நாலடி பின்னால் போனான்.

முத்தரசு குதிரையைத் திட்டவில்லை. போனில் பந்தல்காரரிடம் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நாச்சியாபுரத்தில் அவர் ரகசியம் பேசினால் கண்டனூரில் காது கேட்கும்.

அடுத்த மாதம் மகள் அபிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோயிலிலிருந்து குதிரையில் வர வேண்டும், கயிற்றை மாமனாராகிய தானே பிடித்து நடக்க வேண்டும் என்பது முத்தரசுவின் ஆசை. பங்காளி பெரியகருப்பன் தன் மகள் கல்யாணத்தில் வெறும் கார்தான் விட்டார், அதுதான் காரணம்.

குதிரையையும் ஆளையும் தேடிக் கொண்டுவந்தது மனைவி செந்தாமரை. அபிக்கு முதலில் அமைந்த இடம் நிச்சயத்தன்றே முறிந்துபோனது. ரசத்தில் உப்பில்லை என்ற சம்பந்தியிடம், ஓசிச் சோற்றுக்கு இது போதும் என்று சொல்லிவிட்டார் முத்தரசு.

இந்த இடமும் தவறினால் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அபி சொல்லிவிட்டாள். மிரண்ட குதிரை மாப்பிள்ளையைக் கீழே தள்ளினால் என்னாகும் என்று நினைத்த முத்தரசு, போனை வைத்துவிட்டு வீரபாண்டியனிடம் வந்தார்.

"அடியாத மாடு படியாதுப்பா. சாட்டைய எடு, ரெண்டே நாள்ல வழிக்கு வரும்."

"இது மாடில்லண்ணே. பொறுமையா, தணிஞ்சு பேசித்தான் பழக்கணும். கயித்தப் பிடிக்கப்போறது நீங்கதான, நீங்களே பழக்குங்க."

பழக்குவது ஆரம்பமானது. உள்ளங்கையை விரித்து வெல்லத்துண்டை நீட்ட வேண்டும், முதுகைத் தடவி "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்ல வேண்டும். கோபம் வந்தால் பத்து மூச்சு விட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

குதிரைக்குக் காது ரொம்பக் கூர்மை, வீட்டுக்குள் கத்தினாலும் கொல்லையில் மிரளும் என்றும் வீரபாண்டியன் சொல்லிவைத்தான். காபியில் சர்க்கரை இல்லை என்பதைக்கூட முத்தரசு மனைவியின் காதோடு சொன்னார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் அவ்வளவு பக்கத்தில் வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது வாரம் கொல்லைக்குப் பின்னாலேயே யாரோ பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். முத்தரசு பதறி ஓடிவந்து பார்த்தால், சுந்தரி புல்லை மென்றுகொண்டிருந்தது. எல்லாம் தன் கை ராசி என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார், அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை அலுங்காமல் குலுங்காமல் வந்து இறங்கினார். வம்பு பந்தியில் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சேவுகப்பெருமாள் இலையைத் தள்ளிவிட்டு, சாம்பாரில் உப்பில்லை, இந்த ஊரில் உப்புக்குமா பஞ்சம் என்று கேட்டார்.

மேடையில் அபி கண்ணை மூடிக்கொண்டாள். முத்தரசுவின் முகம் சிவந்தது, மூக்கு விடைத்தது.

ஒரு மூச்சு, இரண்டு மூச்சு என்று பத்து மூச்சு விட்டார். பிறகு சேவுகப்பெருமாள் பக்கத்தில் போய் முதுகைத் தடவி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். உள்ளங்கையை விரித்து ஒரு லட்டை நீட்டினார்.

சேவுகப்பெருமாள் ஒரு நிமிடம் முழித்தார். அப்புறம் லட்டை எடுத்துத் தின்றுவிட்டு இலையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மேடையில் அபிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

சாயங்காலம் முத்தரசு குதிரைக்குப் பக்கத்தில் நின்று மீசையைத் தடவினார். "சாட்டையே எடுக்காம வழிக்குக் கொண்டாந்துட்டோம்ல" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். செந்தாமரையும் ஆமாம் என்றுதான் தலையாட்டினாள்.

வீரபாண்டியன் கயிற்றை அவிழ்த்தான். நாளைக்குத் திருப்பத்தூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு இருக்கிறது, எட்டு வருடமாகச் சுந்தரிக்கு அதுதானே பிழைப்பு, ஓட்டிக்கொண்டு போகட்டுமா என்று செந்தாமரையிடம் கேட்டான்.

"மறுவீட்டு விருந்து முடியுற மட்டும் இங்கயே நிக்கட்டும் தம்பி, இவுக இப்பத்தான பழகி வாராக."