ஓரெழுத்துச் சொல்

ஐவரி கோஸ்ட்டின் வடக்கே செனுஃபோ பேசுகிறவர்கள் மனிதரைச் சுட்ட ‘உ’ என்பார்கள். பானையையும் கல்லையும் சுட்ட ‘கி’. தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த தலைமையாசிரியர் அந்த மொழியை இரண்டே வருடத்தில் பேசக் கற்றிருந்தார். பள்ளிச் சேர்க்கை நாளன்று யெனோன், காது கேளாத தன் மகள் ஞெலேயை அவர் மேசைக்கு முன் நிறுத்தினாள். அவர் சிறுமியை ஏற இறங்கப் பார்த்தார்.

“கி பேசுமா?”

“உ-ன்னு சொல்லுங்கய்யா,” என்றாள் யெனோன்.

“ரெண்டும் சின்னச் சத்தம்தானேம்மா. கி இங்க வந்து என்ன படிக்கப் போகுது?”

“சின்னச் சத்தம்தானே, சொல்லிடுங்க. சொல்ற வரைக்கும் நகர மாட்டேன்.”

வெயில் ஏறியது. வரிசை வேலிவரை நீண்டுவிட்டது. காவலாளி வந்து யெனோனின் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். காகிதங்கள் சரிந்தன. பின்னால் நின்ற ஒருத்தி, “விடுடா அவளை! இன்னைக்கு அவ பிள்ளைய கி-ன்னு சொன்னவரு நாளைக்கு எங்க பிள்ளைங்களையும் சொல்வாரு,” என்று கத்தினாள். வரிசையே கலைந்து மேசையைச் சூழ்ந்தது. காவலாளி கையை எடுத்துக்கொண்டான்.

தலைமையாசிரியர் பேனாவை மூடினார். சிறிது நேரம் கழித்துத் திறந்தார். பதிவேட்டைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் முணுமுணுத்தார்.

“உ-வோட பேர் என்ன?”

யெனோன் மேசையை விடவில்லை.

“என் மகளுக்குத்தான்யா காது கேக்காது. எங்களுக்குக் கேக்கும். சத்தமாச் சொல்லுங்க.”