உண்டியலில் விழுந்த இரும்பு

"பாருங்கோ, எல்லாரும் கண்ணால பாருங்கோ!"

பாக்கியரத்தினம் முதலாளி உண்டியல் காசுக்கு மேலே காந்தத்தைப் பிடித்தார். ரூபாய் நாணயம் போலவே இருந்த சில குத்திகள் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டன.

"எங்கட ரூபா செம்பும் நிக்கலும். காந்தத்துக்கு அசையாது. இது கப்பல்காரன்ர ஊர்க் காசு. உள்ளுக்கு இரும்பு, மேலுக்கு வெள்ளைப் பூச்சு. அம்மாளையே ஏமாத்தியிருக்கிறாங்கள்!"

"ஐயோ, அநியாயம்!" என்றது கோயில் மண்டபம்.

சும்மா சொல்லக்கூடாது, முதலாளிக்குப் பக்தி வந்தால் அன்புவழிபுரம் முழுக்கக் கேட்கும். போன வருசம் கோயிலுக்கு மணிக்கூடு வாங்கிக் கொடுத்தவர். அதில் அம்மாளின் பெயரை விடத் தன் பெயரைப் பெரிதாக எழுதுவித்தவர்.

துறைமுகத்தில் கப்பல்களுக்கு மரக்கறி ஏற்றுகிற ஒப்பந்தம், அந்தக் கொந்தராத்து, அவருடையது. கோயில் தலைவர் பதவியும் அவருடையது. கைக்கு வராமல் இருந்தது கோயில் திருவிழாவின் ஏழாம் நாளான ஏழாம் திருவிழா ஒன்றுதான். அதை வருசா வருசம் செலவழித்துச் செய்கிறவர்கள் அவரிடம் மூட்டை தூக்குகிற கூலிக்காரர். தன் கூலிக்காரர் அம்மனுக்குப் பக்கத்தில் மாலையோடு நிற்பதைப் பார்க்க அவருக்கு வயிறு எரியும்.

"கப்பலில ஏறி இறங்கிறது ஆர்? இவங்கள்தானே!" என்றார். "இரும்பு போட்டவங்களுக்கு இனி ஏழாம் திருவிழா இல்லை. அதை நானே செய்யிறன்."

செயலாளர் இரத்தினசிங்கம் மாஸ்டர் தயங்கினார். "ஒருக்கா அவையளையும் கேப்பமே?"

"கள்ளனிட்டயே விசாரணை? நல்ல கதை!"

பின்னால் இருந்து இராசையா எழும்பினார். முதலாளியின் மூட்டைகளைச் சுமந்து தோள் காய்த்த மனிதர். கூட்டங்களில் வாய் திறந்தே பழக்கமில்லை.

"நாங்கள்தான் போட்டனாங்கள், முதலாளி."

"கேட்டியளே! வெக்கம் கெட்டவன், தன்ர வாயாலயே சொல்லுறான்!"

"திருவிழாவைப் பறிச்சுப் போடாதேங்கோ. எங்கட அப்பன்மார் தொடங்கினது. வருசத்தில அந்த ஒரு நாள்தான் எங்களையும் மனிசராய்ப் பார்க்கினம்."

"அப்ப ஏன் இதைப் போட்டனீங்கள்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"கூலியோட வந்த காசு, மாஸ்டர். ஸஹாப்தீன் நானா கடையில நீட்டினா சிரிக்கிறார். மூதூருக்குப் போற லாஞ்சிப் படகில குடுத்தா இறங்கச் சொல்லுறாங்கள். கண் மங்கின நல்லம்மாவிட்டக் குடுத்துக் கருவாடு வாங்கலாம்தான். அந்தப் பாவத்தைச் செய்ய எங்களுக்கு மனம் வரேல்லை."

"அதுக்கு?"

"அம்மாளிட்டப் போட்டு முறையிட்டனாங்கள். தாயே, எங்கட பிள்ளையளின்ர சோத்தில இதைக் கலந்தவன் எவனோ, அவனை நீயே கேள் எண்டு."

முதலாளிக்கு வேர்த்து ஊற்றியது. அம்மன் இருக்கிற பக்கம் ஒருக்கால் பார்த்தார். பிறகு இராசையாவைப் பார்த்து வெடித்தார்:

"அறிவு கெட்டவங்களே! கடையில மாத்துங்கோ எண்டு நான் தந்ததை உண்டியல்ல கொண்டுவந்து போட ஆரடா சொன்னது?"